முனகும் ஸ்டியரிங்

கேள்வி: சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் 14 வயது கார். தேக்கா கார்நிறுத்தத்தில் மெதுவாகத் திருப்பும்போது ஸ்டியரிங் முனகுகிறது, கனக்கிறது. பட்டறையில் ஸ்டியரிங் ரேக்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தாலே ஸ்டியரிங் கனக்கும். அடுத்து பானட்டைத் திறந்து ஸ்டியரிங் எண்ணெய்க் குடுவையைத் தேடுங்கள். குடுவையே இல்லையென்றால் பெரும்பாலும் மின்மோட்டார் வகை. பேட்டரியைப் பார்த்து, கம்ப்யூட்டர் சோதனையும் செய்த பிறகே ரேக்கைப் பற்றிப் பேச்சு.

குடுவை இருந்தால், எண்ணெய் எவ்வளவு, என்ன நிறம் என்று கவனியுங்கள். நுரைத்திருந்தால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். கார்க் கையேடு சொல்லும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். எண்ணெய் குறைந்துகொண்டே போனால் கசிவு. ரேக்கின் இரு முனை ரப்பர் உறைகளில் ஒன்று எண்ணெயில் நனைந்திருந்தாலும் ரேக்கின் மேல் சந்தேகப்படலாம்.

ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி அப்படியே பிடித்திருக்காதீர்கள், பம்ப் தேயும். 10 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.