நகரின் பிறந்தநாளும் கடலின் விருந்தும்

(உரைநடை – பண்பாடு)

நுழையும் முன்

பிறந்தநாளன்று புத்தாடை உடுத்துகிறோம். பெரியோரை வணங்கி வாழ்த்துப் பெறுகிறோம். மாலையில் குடும்பத்துடன் உணவகம் சென்று விரும்பியதை உண்கிறோம். சிலருக்கு அது பாயசத்துடன் கூடிய சைவ விருந்து. சிலருக்கு வஞ்சிர மீன் வறுவலும் இறால் தொக்கும் கூடிய கடலுணவு விருந்து. அந்த விருந்து யாருடைய உழைப்பால் நம் இலைக்கு வருகிறது? ஒரு மாநகரின் பிறந்தநாளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

பிறந்தநாள் என்னும் பெருமங்கலம்

பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அரசன் பிறந்த நாளில் நிகழும் விழாவைத் தொல்காப்பியம் ‘பெருமங்கலம்’ என்று குறிப்பிடுகிறது. அந்நாளில் அரசன் தன் சினத்தை விலக்கி வைப்பான் என்பதும் அந்நூலால் அறியப்படுகிறது. சிறைப்பட்டோரை விடுவித்தலும் வேண்டுவோர்க்கு வேண்டுவன கொடுத்தலும் அந்நாளுக்கு உரியன என உரையாசிரியர் விளக்குவர். பெறும் நாளாக மட்டுமன்றிக் கொடுக்கும் நாளாகவும் பிறந்தநாள் கருதப்பட்டது என்பது இதனால் புலனாகும்.

சென்னையின் பிறப்பும் சந்திரகிரியும்

மனிதருக்கு மட்டுமின்றி ஊருக்கும் பிறந்தநாள் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22ஆம் நாள் ‘சென்னை நாள்’ கொண்டாடப்படுகிறது. வரலாற்று ஆர்வலர் எஸ். முத்தையா முதலியோரின் முயற்சியால் 2004ஆம் ஆண்டு இவ்விழா தொடங்கியது. பாரம்பரிய நடைப்பயணம், சொற்பொழிவு, ஒளிப்படக் கண்காட்சி, உணவு விழா எனப் பல நிகழ்ச்சிகள் அப்போது நடைபெறுகின்றன.

இந்தப் பிறந்தநாளில் சந்திரகிரிக்கும் பங்கு உண்டு. 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர அரசின் தலைநகரம் பெனுகொண்டாவுக்கு மாறியது. பின்னர் அது சந்திரகிரிக்கு வந்தது. நாம் விடுமுறையில் சென்று காணும் ராஜமகாலும் ராணிமகாலும் அக்காலத்தை நினைவூட்டி நிற்பவை. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, சோழமண்டலக் கடற்கரையில் வாணிகத்திற்கு ஏற்ற இடம் தேடினார். விசயநகர அரசின்கீழ் அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், கூவம் ஆற்றையொட்டிய கடற்கரை நிலத்தில் கோட்டை கட்ட அவருக்கு இசைவளித்தார். அவ்வுரிமை சந்திரகிரி அரண்மனையில் உறுதி செய்யப்பட்டது என்னும் செய்தி இவ்வூரில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வேங்கடாத்ரியின் தந்தையார் சென்னப்ப நாயக்கர். ‘சென்னப்பட்டினம்’ என்னும் பெயர் அவர் நினைவாக எழுந்தது என்பர். 1640ஆம் ஆண்டு அங்கே கோட்டைப் பணி தொடங்கியது.

கொடுத்தவர் நாயக்கர், பெற்றவர் கம்பெனியார். இருவர் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. ஆனால் அக்கடற்கரை எவரும் வாழாத வெற்று மணல்வெளியாக இருக்கவில்லை. கோட்டைக்கு முன்பே அங்கு மீனவர் குப்பங்கள் இருந்தன. மணலில் வலை உலர்த்தி, கட்டுமரம் ஏறிக் கடலுக்குச் சென்று வந்த அம்மக்களே அந்நகரின் மூத்த குடிகளுள் அடங்குவர்.

நெய்தல் நிலத்தின் கொண்டாட்டம்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அந்நிலத்து மக்களாகிய பரதவர் கொண்டாட்டத்தைப் பட்டினப்பாலை அழகுறக் காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூல், காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறுவது. முழுநிலா நாளில் பரதவர் கடல்மேல் செல்வதில்லை. சுறாமீனின் கொம்பை நட்டுத் தம் தெய்வத்தை வழிபடுகின்றனர். தாழை மலர் சூடி மகிழ்கின்றனர். விரும்பியதை உண்டும் ஆடியும் பொழுதைக் கழிக்கின்றனர். சுட்ட இறாலை அவர்கள் உண்ட செய்தியும் அந்நூலில் இடம்பெறுகிறது. இன்று நாம் உணவகத்தில் விரும்பிக் கேட்கும் இறாலுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு இருப்பதைக் காண்க!

இங்கு மற்றொன்றையும் நோக்க வேண்டும். பரதவரின் விழாநாள், அவர்கள் மீன்பிடிக்கச் செல்லாத நாள். அவர்கள் மகிழ்ந்திருந்த நாளில் கடலும் ஓய்ந்திருந்தது.

கடலுக்கும் ஓய்வு வேண்டும்

அந்த ஓய்வு இன்று சட்டமாகியுள்ளது. தமிழகம், ஆந்திரம் உள்ளிட்ட கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலம் அது. அக்காலத்தில் தாய்மீன்களை வாரி எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வலை வெறுமையாகவே திரும்பும். தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வருவாய் இழக்கின்றனர். அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. சந்தையில் மீன்வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. மே மாதத்தில் பிறந்த ஒருவர் தம் விருந்தில் வஞ்சிரம் கிடைக்கவில்லையே என்று வருந்தலாம். அது கடலில் மீன்களின் பிறந்தநாட்காலம் என்பதை அறிந்தால் அவ்வருத்தம் தணியும்.

கரையில் ஒரு போராட்டம்

கடலில் மட்டுமன்றிக் கரையிலும் மீனவர்க்கு இடர்கள் உண்டு. சென்னை மெரினா லூப் சாலையோரம் நொச்சிக்குப்பம் முதலிய குப்பங்களைச் சேர்ந்தோர், பெரும்பாலும் பெண்கள், நெடுங்காலமாக மீன் விற்று வந்தனர். போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2023 ஏப்ரலில் அக்கடைகள் அகற்றப்பட்டன. ‘சாலை வருமுன்பே நாங்கள் இங்கு இருந்தோம்’ என்பது அம்மக்களின் வாதம். தம் படகுகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தி அவர்கள் போராடினர். பின்னர் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், அச்சாலையருகே கட்டப்பட்ட புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. நகரம் வளர வேண்டும், சாலையும் வேண்டும். எனினும் நகரின் பிறந்தநாளைக் கொண்டாடுவோர், அந்நகருக்கு முன்பே அங்கு வாழ்ந்தோரின் இடத்தை மறத்தல் முறையாகாது.

நமக்கும் கடல் உண்டு

‘சந்திரகிரி மலையடிவாரத்தில் உள்ளது, நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் வினவலாம். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் உருவானபோது சூளூர்ப்பேட்டைப் பகுதியும் அதில் இணைந்தது. அதனால் கடற்கரை இல்லாத சித்தூர் மாவட்டத்தில் இருந்த நம் ஊர், கடற்கரை உடைய மாவட்டத்திற்கு உரியதாயிற்று. ஆந்திரமும் தமிழகமும் பங்கிட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரியின் கரையிலும் மீனவர் பலர் வாழ்கின்றனர். நம் வீடுகளில் மாங்காய் சேர்த்துச் சமைக்கும் நெல்லூர்ச் ‘சேப்பல புலுசு’ இக்கடற்கரை தந்த சுவையே ஆகும்.

ஆகவே, பிறந்தநாளன்று கடலுணவு உண்பதில் தவறில்லை. உண்ணும் அளவறிந்து கேட்டு வாங்குவதும், இலையில் வீணாக்காமல் உண்பதும், கரையிலும் சந்தையிலும் மீன் விற்போரிடம் மதிப்புடன் நடந்துகொள்வதும் வேண்டும். பெருமங்கல நாளில் அரசன் செய்ததாகக் கூறப்படும் கொடைக்கு நிகராக நாம் செய்யத்தக்கவை இவை.

அருஞ்சொற்பொருள்

பெருமங்கலம் – அரசன் பிறந்தநாள் விழா
பரதவர் – நெய்தல் நில மக்கள்
இசைவு – உடன்பாடு, ஒப்புதல்
குப்பம் – மீனவர் குடியிருப்பு
இடர் – துன்பம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. தொல்காப்பியம் அரசனின் பிறந்தநாள் விழாவை எப்பெயரால் குறிப்பிடுகிறது?
2. ‘சென்னப்பட்டினம்’ என்னும் பெயர் யார் நினைவாக எழுந்தது என்பர்?
3. முழுநிலா நாளில் பரதவர் எதனை நட்டு வழிபட்டனர்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மீன்பிடித் தடைக்காலம் ஏன் தேவை?
2. லூப் சாலை மீனவரின் வாதம், நகரின் தேவை ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.

இ. தெலுங்குப் பெயருக்கு உரிய தமிழ்ப் பெயரைத் தேர்ந்து எழுதுக.
சந்துவா, ரொய்யலு, எண்ட்ரகாய (நண்டு, வவ்வால் மீன், இறால்)

ஈ. பிரித்து எழுதுக.
கடலுணவு, புத்தாடை, ஈராயிரம்

உ. செயல்திட்டம்
உம் ஊர்ச் சந்தையில் மீன் விற்பவர் ஒருவரிடம், மீன் எந்தக் கடற்கரையிலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது, தடைக்காலத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.