பொட்டலத்தின் கணக்கும் வீட்டுத் தராசும்

கடையில் அரைக் கிலோ பருப்பு நிறுக்கும்போது தராசு எங்கே நிற்கிறது என்று பாராமல் நாம் யாருக்கும் கொடுப்பதில்லை. இருபது கிராம் கூடினால் நமக்கு நஷ்டம். இருபது கிராம் குறைந்தால் அது மறுமையில் கேட்கப்படும் என்று மதரஸாவில் சிறு பிராயத்திலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்கு 'அல் முதஃப்பிஃபீன்', அதாவது அளவில் மோசம் செய்வோர், என்றே பெயர். இவ்வளவு கண்ணும் கருத்துமாய்க் கடையில் நிறுக்கும் நாம், வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கு முன் அமர்ந்தால் அளவு என்ற பேச்சையே மறந்து விடுகிறோம். யாராவது கேட்டால், "பொட்டலத்தில் போட்டிருக்கிறதே, அதன்படிதான் சாப்பிடுகிறோம்" என்கிறோம். அந்தப் பொட்டலக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம், வீட்டில் ஒரு தராசு வைப்பதால் என்ன பிரயோசனம் என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

இது ஏன் அவசியம்?

விஷயம் அற்பமானதன்று. மலேசியச் சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பது தெரிய வந்தது. இந்திய வம்சாவளியினரை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது நூற்றுக்கு 31.4. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 ஆக இறங்கியிருந்தாலும், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்பது இறங்கியும் பெரிய கணக்குத்தான். நம் ஜமாஅத்தில் வியாழக்கிழமை இரவு கூடி அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே போதும். மாத்திரை டப்பா இல்லாத சட்டைப் பை குறைவு.

இதற்கு ஒரு காரணம் நாம் எல்லோரும் அறிந்ததே. நீலாய், லாபு, மந்தின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய மக்கள் விடியுமுன்னே எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி சுமந்து உழைத்தார்கள். தோட்டத்துக் கடைகளில் இருந்த நம் முன்னோரும் அரிசி மூட்டையை முதுகில் ஏற்றியவர்கள்தாம். அந்த உழைப்புக்கு ஒரு மங்குச் சோறு தகும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பாகி விட்டன. நீலாய் 3இல் துணியும் கம்பளமும் விற்கும் நாம் கல்லாவுக்குப் பின்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். வேலை மாறிற்று. சோற்று மங்கு மாத்திரம் மாறவில்லை.

பொட்டலத்தில் மூன்று கணக்கு

ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் மூன்று வகைக் கணக்கு இருக்கும். மூன்றும் ஒரே தரத்தவை என்று எண்ணுவதுதான் குழப்பத்துக்கு மூலம்.

முதலாவது நிகர எடை. மலாயில் 'பெராட் பெர்சிஹ்' என்றிருக்கும். இது விற்பவன் வாங்குபவனுக்குத் தரும் வாக்குறுதி. 400 கிராம் என்று போட்டு 370 கிராம் அடைத்தால் அது குற்றம். நம் கடைத் தராசுக்கும் இதே கண்டிப்பு உண்டு. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசை ஆண்டுதோறும் பரிசோதிக்கச் செய்து முத்திரை பெற வேண்டும் என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கணக்கு. 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகள் 2003இல் திருத்தப்பட்டு, ரொட்டி, பால், டின் உணவு, பானம் முதலிய பலவற்றில் சத்து விவரம் அச்சிடுவது கட்டாயமாயிற்று. 100 கிராமில் எத்தனை கலோரி, எத்தனை கிராம் மாவுச்சத்து, எத்தனை கிராம் கொழுப்பு என்று அதில் காணலாம். இது நமக்குப் பழக்கமான 'கிலோ என்ன விலை' என்பது போன்றது. எந்தச் சரக்கையும் எந்தச் சரக்கோடும் ஒப்பிட உதவும்.

மூன்றாவது, 'செத்தியாப் ஹிடாங்கான்', அதாவது ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்ற கணக்கு. இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு பரிமாறல் என்பது மூன்று பிஸ்கட்டா, ஐந்து பிஸ்கட்டா என்பதைப் பெரும்பாலும் தயாரிப்பவரே தீர்மானித்து அச்சிடுகிறார். நம் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது. நம் வயது, உழைப்பு, வியாதி எதுவும் அவருக்குத் தெரியாது.

இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல திருஷ்டாந்தம் உண்டு. அங்கே பரிமாறல் அளவுக்கு அடிப்படையை அரசாங்கமே வகுத்திருக்கிறது. மக்கள் வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்பதையே அது காட்ட வேண்டும், எவ்வளவு உண்பது நல்லது என்பதை அன்று என்பது அந்நாட்டுச் சட்டம். 2016இல் அந்த விதிகளைத் திருத்தியபோது, ஐஸ்கிரீமின் ஒரு பரிமாறல் அரைக் கோப்பையிலிருந்து மூன்றில் இரண்டு கோப்பையாயிற்று. சோடா பானம் 8 அவுன்சிலிருந்து 12 அவுன்சாயிற்று. ஐஸ்கிரீமில் ஒரு துளியும் மாறவில்லை. மக்கள் அதிகம் உண்ணத் தொடங்கியதால் பரிமாறல் பெரிதாயிற்று. ஆகவே 'ஒரு பரிமாறல்' என்று பொட்டலத்தில் கண்டதும் அது வைத்தியர் எழுதிய அளவு என்று நாம் கொள்ளலாகாது.

வியாபாரிக்குத் தெரிந்த ஏமாற்றம்

இரண்டு பிஸ்கட் பொட்டலங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்றில் ஒரு பரிமாறலுக்கு 90 கலோரி. மற்றதில் 132 கலோரி. முதலாவதே இலேசானது என்று கை அதன் பக்கம் போகும். ஆனால் முதலாவதன் பரிமாறல் 20 கிராம், இரண்டாவதன் பரிமாறல் 30 கிராம். 100 கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவது 450, இரண்டாவது 440. சிறு பொட்டலம் போட்டு விலை குறைவு என்று காட்டும் தந்திரத்தை நாம் மொத்த வியாபாரத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அங்கே ஏமாறாத நாம் இங்கே ஏன் ஏமாற வேண்டும்?

அரிசியில் இன்னொரு சிக்கல். அரிசிப் பையில் உள்ள கணக்கு சமைக்காத அரிசிக்கு உரியது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. அது வெந்து தண்ணீர் குடித்து 250 முதல் 300 கிராம் சோறாகிறது; ஆகையால் 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரிதான். அரிசிக் கணக்கைச் சோற்றுக்கு வைத்தால் கணக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். சோற்றுக் கணக்கை அரிசிக்கு வைத்தால் அதே அளவு இறங்கிவிடும். நிறுக்குமுன் எதை நிறுக்கிறோம் என்று தெளிவு வேண்டும்.

வீட்டில் நிறுத்துப் பார்த்தால்

கிராம் வரை காட்டும் சிறு தராசு இப்போது எங்கும் மலிவாய்க் கிடைக்கிறது. வாங்கியதும், கடையின் முத்திரைத் தராசில் ஒரு பொருளை நிறுத்து, அதையே வீட்டுத் தராசிலும் நிறுத்து ஒப்பிட வேண்டும். காலித் தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் தராசு பூஜ்யத்துக்கு வரும். நாம் மூட்டைக்குச் சாக்குக் கழிவு போடுவது போலத்தான் அது.

கடை சாத்திவிட்டு இரவு பத்தரை மணிக்கு உண்ணும் சோற்றை நம் வீட்டில் ஒரு வாரம் நிறுத்தோம். வழக்கமான தட்டில் 380 கிராம் சோறு இருந்தது. கலோரியில் அது 490க்கு மேல். ஆணமும் மீனும் தனி. ஒரு பரிமாறல் 50 கிராம் அரிசி என்று பையில் போட்டிருந்தால், வெந்த பின் அது ஏறத்தாழ 140 கிராம். ஆக, 'ஒரு தட்டு' என்று நாம் சொல்வது அந்தக் கணக்கில் இரண்டரைப் பரிமாறலுக்கும் அதிகம்.

தேநீரையும் நிறுக்கலாம். கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கை வழக்கப்படி கெட்டிப்பாலை ஊற்றினால் 40 கிராம் எளிதில் விழும். கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. ஆக ஒரு தே தாரிக்கில் 20 கிராம், அதாவது தலை தட்டிய தேக்கரண்டியில் ஐந்து. நாள் ஒன்றுக்கு மூன்று கோப்பையானால் 60 கிராம். 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்படும் சீனி நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய வரம்பு. பசியாறிய ரொட்டி சானாயும் மாலை வட்டலப்பமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

எண்ணெய், சீனி, உப்பு மூன்றையும் தட்டில் நிறுக்க முடியாது. இவற்றுக்கு நம் கடை வழக்கமே போதும். ஆரம்ப இருப்பிலிருந்து முடிவு இருப்பைக் கழித்தால் செலவு தெரியும். காலையில் எண்ணெய்ப் போத்தலை நிறுத்து எழுதி, இரவு மீண்டும் நிறுத்து, பொரித்து மிஞ்சியதைக் கழித்து, ஆட்களுக்கு வகுத்துக் கொள்ளலாம். ஐந்து பேருக்கு 150 கிராம் செலவானால் ஆளுக்கு 30 கிராம், ஏறத்தாழ 270 கலோரி. பொட்டல உணவின் உப்பை அறிய, சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்க வேண்டும். 1200 என்றிருந்தால் 3000 மில்லிகிராம், அதாவது 3 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

அளவும் அளவு மீறாமல்

நிற்க. தராசை வீட்டுக்குள் கொண்டு வருவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு.

ஒன்று: விருந்தாளியின் தட்டை நிறுக்கலாகாது. அது நம் மரபுக்கு ஒவ்வாது. வளரும் பிள்ளைகளின் சோற்றையும் நிறுத்து அவர்களை அச்சுறுத்த வேண்டாம்.

இரண்டு: இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலும் உணவு புதிய அளவிலும் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். வாரக் கணக்கை எழுதிக் கிளினிக்குக்கு எடுத்துப் போனால், வைத்தியருக்கு அது பெரிய உபகாரம்.

மூன்று: இது வஸ்வாஸ் ஆகக் கூடாது. ஒளுச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்பவரை மதரஸாவில் கண்டிப்பார்கள். ஒவ்வொரு கவளத்தையும் நிறுப்பதும் அதைப் போன்றதே. இரண்டு மூன்று வாரம் நிறுத்தால் கண் பழகிவிடும். அரைக் கிலோவைக் கையில் ஏந்தியே சொல்லும் பழைய கடைக்காரரின் கை போல, தட்டைப் பார்த்ததும் கணக்குத் தோன்றும். பிறகு எப்போதாவது சரிபார்த்தால் போதும். வெளியில் உண்ணும்போது, சுகாதார அமைச்சு சொல்லும் கால், கால், அரை என்ற முறையைக் கொள்ளலாம்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, பாதி காய்கறியும் பழமும்.

உணவை அளந்து கொள்வதில் பரக்கத் உண்டு என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கூறியதை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்க, அது புகாரியில் பதிவாகியிருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உணவால் நிரப்ப வேண்டாம் என்ற கருத்துள்ள திர்மிதியின் ஹதீஸை அறிவிப்பவரும் அதே ஸஹாபிதான். பித்ரா கொடுக்கும்போதும் நாம் அளந்துதான் கொடுக்கிறோம். இரு கை சேர்த்து அள்ளும் முத்து நான்கு சேர்ந்தது ஒரு ஸாவு. இன்றைய நிறையில் சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை. ஏழைக்குக் கொடுப்பதை அளக்கத் தெரிந்த நமக்கு, நாம் உண்பதை அளக்க வெட்கமேன்?

நம் கல்லாவின் பொறுப்பு

சாமான் விற்பவர்கள் என்ற முறையில் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. "முதலாளி, இனிப்பு நீர்க்காரருக்கு எந்த பிஸ்கட் நல்லது?" என்று தோட்டத்து அம்மா கேட்டால், முன்பக்கத்துப் படத்தைக் காட்டாமல், பொட்டலத்தைத் திருப்பி 100 கிராம் கணக்கைப் படித்துச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுத்து சிறிதாய்த் தெரியும். கலோரி என்ற சொல் புதிதாயிருக்கும். இரண்டு பொட்டலங்களை ஒப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சரியான நிறை கொடுப்பது போலவே சரியான விவரம் கொடுப்பதும் வியாபார நாணயத்தில் சேர்ந்ததே.

முடிவாக, நிகர எடையை நம்புவோம். 100 கிராம் கணக்கைக் கொண்டு ஒப்பிடுவோம். பரிமாறல் கணக்கை ஒரு குறிப்பாக மட்டும் கொள்வோம். நம் தட்டில் உள்ளதை நம் தராசே சொல்லட்டும். வரும் சனிக்கிழமை தொடங்கி ஏழு நாள் சோறு, சீனி, எண்ணெய் மூன்றை மட்டும் நிறுத்துக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருமாறு சகோதரர்களைக் கேட்டுக் கொள்கிறோம். வீட்டாரையும் இக்கணக்கில் கூட்டாளியாக்கிக் கொள்ளுங்கள். அகப்பை அவர்கள் கையில் இருக்கிறது. அல்லாஹ் நம் அனைவருக்கும் தேக சுகத்தையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.