பாடம் 5: விற்பனைப் பொருட்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தல்

சந்தையில் ஒருவர் உங்கள் பனையோலைப் பெட்டியை வாங்க வந்தால் முதலில் அதைக் கையில் எடுப்பார். புரட்டி அடியைப் பார்ப்பார். கைபிடியை இழுத்துப் பார்ப்பார். பின்னலை விரலால் தடவுவார். அதன் பிறகுதான் விலை பேசுவார்.

பேஸ்புக்கிலோ வட்ஸ்அப்பிலோ உங்கள் பெட்டியைப் பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. கொழும்பில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் படத்தை நம்பியே காசு அனுப்புகிறார்கள். ஆகவே, வாங்குபவரின் கை தேடும் பதில்கள் எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். இருந்தால் இடையில் ஒருவரை நம்பாமல் நீங்களே விலை சொல்லலாம். இல்லாவிட்டால் பொருள் திரும்பி வரும். போன கூலியும் வந்த கூலியும் உங்கள் தலையில் விழும்.

இந்தப் பாடத்துக்குப் புதிய கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. சாதாரண கைத்தொலைபேசி, யன்னல் அல்லது விறாந்தை, இரண்டு வெள்ளை மட்டைகள், ஒரு அளவு நாடா போதும். உதாரணமாகப் பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்கிறோம். பன்பாய், கைத்தறித் துணி, தையல் வேலை எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

வெளிச்சம்

நடுப்பகல் வெயிலில் எடுக்க வேண்டாம். ஓலையின் மேற்பக்கம் வெளிறிப் போகும், பின்னலின் இடைவெளிகள் கறுத்துத் தெரியும். காலை 9 மணிக்கு முன்னரும் மாலை 4 மணிக்குப் பின்னரும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். மற்ற நேரத்தில் எடுக்க வேண்டுமானால் வெயில் நேரே விழாத விறாந்தை ஓரமோ யன்னல் பக்கமோ நல்லது. கைத்தொலைபேசியின் பிளாஷை நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சம் பொருளின் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேரே விழுந்தால் பின்னல் தட்டையாகத் தெரியும். இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்து விழும்போது ஒவ்வொரு இழையும் எழும்பி நிற்கும். மறுபக்கம் இருட்டாக இருந்தால் அங்கே ஒரு வெள்ளை மட்டையை நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்.

நிறம் மாறுவது ஏன்?

தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நீலத் தறப்பாளின் கீழ் எடுத்தால் வெள்ளோலையும் நீலமாகத் தெரியும். சிவப்புச் சீமெந்துத் தரையும் செம்மண் முற்றமும் பொருளின் அடிப்பக்கத்தில் செந்நிறத்தைப் பூசும். மாமர நிழலில் பச்சை ஏறும். இரவில் மஞ்சள் மின்குமிழின் கீழ் எல்லாமே மஞ்சளாகும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பொருளின் அருகே ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து முதலில் ஒரு படம் எடுங்கள். படத்தில் கடதாசி வெள்ளையாகத் தெரிந்தால் பொருளின் நிறமும் சரியாக இருக்கும். கடதாசி நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

பின்னணி

கதிரையின் முதுகில் ஒரு பெரிய மட்டையைச் சாய்த்து, அதன் கீழ்ப்பகுதி இருக்கையில் வளைந்து படியும்படி விடுங்கள். மடிப்பு விழக் கூடாது. பொருளை அதன் மேல் வையுங்கள். பின்னால் உடுப்புக் கொடியும் அடுப்பும் தெரியாது, பார்ப்பவரின் கண் பொருளிலேயே நிற்கும்.

சாயமிட்ட பெட்டிக்கு வெள்ளைப் பின்னணி பொருந்தும். சாயமிடாத வெள்ளோலை வெள்ளையில் கரைந்துவிடும். அதற்குக் கரும்பச்சை, மண்ணிறம் போன்ற கடும் நிறத் துணியைப் பாவியுங்கள். பூப்போட்ட துணி வேண்டாம்.

எடுக்க வேண்டிய 6 படங்கள்

1. முன்பக்கம், முழுமையாக. கைத்தொலைபேசியைப் பெட்டியின் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். இரண்டடியாவது தள்ளி நில்லுங்கள். மிக அருகில் நின்றால் வடிவம் வீங்கித் தெரியும்.
2. சற்று மேலிருந்து சாய்வாக. வாயும் உள்ளிடமும் தெரிய வேண்டும்.
3. அடிப்பகுதி. பாரம் தாங்குமா என்பதை வாங்குபவர் இங்கேதான் பார்ப்பார்.
4. பின்னல், கைபிடி பொருந்தும் இடம், விளிம்பு கட்டிய இடம் ஆகியன அருகில். ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் எடுங்கள்.
5. அளவு. அளவு நாடாவையோ தேநீர்க் கோப்பையையோ பக்கத்தில் வையுங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் எழுதியும் விடுங்கள்.
6. பாவனையில். சந்தைப் பையென்றால் மரக்கறி வைத்து, நீத்துப்பெட்டியென்றால் பிட்டோடு.

கைத்தொலைபேசியில் கவனிக்க வேண்டியவை

முதலில் கமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சட்டைப்பையிலும் சமையலறையிலும் இருக்கும் கைத்தொலைபேசியில் எண்ணெய் படிந்திருக்கும். படம் புகைமூட்டமாக வருவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

திரையில் பொருளின் மேல் ஒருமுறை தட்டினால் அந்த இடம் தெளிவாகும். பல கைத்தொலைபேசிகளில் அப்போது ஒரு சூரியக் குறி தோன்றும். அதை இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெள்ளைப் பின்னணியில் படம் சாம்பல் படர்ந்து வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். இரு விரலால் பெரிதாக்கி எடுக்க வேண்டாம், அருகே செல்லுங்கள். கை நடுங்கினால் கைத்தொலைபேசியை ஒரு கல்லில் சாய்த்து வைத்து, நேரம் குறித்து எடுக்கும் வசதியைப் பாவியுங்கள்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தெளிவு குறையும். தெளிவான படத்தைக் கேட்பவருக்கு அதை ஆவணமாக அனுப்புங்கள். டேட்டா கூடச் செலவாகும் என்பதால் எல்லாப் படங்களுக்கும் இது தேவையில்லை.

உள்ளதை உள்ளபடி

ஓரங்களை வெட்டலாம், வெளிச்சத்தைச் சற்றுச் சரிசெய்யலாம். நிறத்தைக் கூட்டும் பில்டர்களைத் தொட வேண்டாம். படத்தில் கடும் சிவப்பாக இருந்த பை பொதியைத் திறக்கும்போது மங்கலாக இருந்தால், அந்த வாடிக்கையாளரோடு அவர் சொல்லும் பத்துப் பேரும் போய்விடுவார்கள்.

சிறு குறை இருந்தால் அதையும் ஒரு படமாகப் போட்டு விலையைக் குறையுங்கள். ஒரே மாதிரியில் பல பெட்டிகள் செய்வதானால், "கையால் செய்யப்படுவதால் நிறத்திலும் அளவிலும் சிறு வேறுபாடு இருக்கும்" என்று எழுதுங்கள். வேறொருவர் எடுத்த படத்தை உங்களுடையதாகப் போடக் கூடாது. பொதி கட்டுவதற்கு முன் அனுப்பும் பொருளை ஒரு படம் எடுத்துத் திகதியுடன் வைத்திருங்கள். வழியில் சேதமடைந்தது என்று முறைப்பாடு வந்தால் அது உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சமும் குறையும், ஓலையில் பூஞ்சணமும் பிடிக்கும். மழைக்கு முன்னரே படங்களை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் பாதுகாப்பு

பின்னணியில் வீட்டு இலக்கம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கமராவின் அமைப்புகளில் "இருப்பிடம்" என்பதை நிறுத்திவிடுங்கள். ஆவணமாக அனுப்பும் படத்தோடு, எடுத்த இடத்தின் விபரமும் சேர்ந்து போகக்கூடும். தனியாக வாழும் பெண்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இடிந்த வீட்டின் முன் நின்று படம் எடுத்துப் போடும்படி சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். அதற்கு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். பெட்டி நன்றாக இருப்பதால் வாங்குபவர் அடுத்த வருடமும் கேட்பார். உங்கள் முகத்தைக் காட்டுவதா இல்லையா என்பதும் உங்கள் முடிவே. இழைக்கும் கைகளை மட்டும் காட்டினாலும் போதும்.

பயிற்சி

ஒரே பொருளை நடுப்பகலில் முற்றத்திலும், காலையில் யன்னல் பக்கத்திலும் எடுங்கள். இரண்டு படங்களையும் அப்பொருளை முன்னர் பார்த்திராத அயலவர் ஒருவரிடம் காட்டுங்கள். "இது எவ்வளவு பெரியது? என்ன நிறம்? எதற்குப் பாவிக்கலாம்?" என்று கேளுங்கள். பிறகு பொருளை அவர் கையில் கொடுங்கள். அவர் சொன்னதும் கையில் உள்ளதும் ஒத்திருந்தால் உங்கள் படம் விற்பனைக்குத் தயார். ஒத்திராவிட்டால், அவர் எதில் தவறினாரோ அதைக் காட்டும் படத்தை மீண்டும் எடுங்கள்.