பதிலை அறுத்துப் பாருங்கள்

"என் லேப்டாப்புல ஓடுதே" என்று ஒரு டெவலப்பர் சொன்னால் அதைச் சோதனை முடிவாக ஏற்காதீர்கள். இப்படிக் கறாராக இருந்தே அலுவலகத்தில் 'முட்டுக்கட்டை' என்று பெயர் வாங்கியவள் நான்.

சென்னை அடையாறு எல்.பி. ரோட்டில் எங்கள் அலுவலகம். வீடு தேடிப் போய் ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு வெப் ஆப் செய்துகொண்டிருந்தோம். பையன்கள் சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் என்று பைக்கில் சுற்றுவார்கள். ரத்தம் எடுத்ததும் போனில் 'எடுத்தாச்சு' என்று அழுத்தினால் லேபில் ஒரு பதிவு விழ வேண்டும். இதற்குச் சாதாரண ரெஸ்ட் ஏபிஐ தாராளம். ஆனால் 2025 செப்டம்பரில் கிளவுட்ஃபிளேர் 'கேப்ன் வெப்' என்ற ஆர்.பி.சி. (தூரத்துச் சர்வரின் ஃபங்ஷனை அழைக்கும்) லைப்ரரியை வெளியிட்டிருந்தது. எங்கள் டீம் லீடுக்கு அது வேண்டும் என்றாகிவிட்டது.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். புரோட்டோகால் பஃபர்ஸின் இரண்டாம் பதிப்பை எழுதிய கென்டன் வார்டாவின் கைவேலை அது. சுருக்கினால் 10 கேபிக்கும் குறைவு, ஸ்கீமா கோப்பு வேண்டாம். லாகினுக்குப் பதில் வருமுன்பே அந்தப் பதிலின் மேல் அடுத்த அழைப்பையும் சேர்த்து அனுப்பலாம்; மூன்று அழைப்பு ஒரே போய்வரலில் முடியும். மும்பை சர்வருக்குச் சுமார் 1,000 கி.மீ., ஃபைபரில் ஒளி போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட். அமெரிக்க சர்வர் என்றால் 200ஐ எளிதில் தாண்டும். அங்கே இந்த மிச்சம் பெரிசு.

நிறுவி ஓட்டுவது அரைநாள் வேலை. டைப்ஸ்கிரிப்ட் வகைகளை ஓட்டத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை என்பதால் எண் கேட்கும் இடத்துக்கு எழுத்தை அனுப்பிப் பாருங்கள்.

எங்களுக்குக் காசையும் பெயரையும் தின்றது வேறு. சோதனை முழுக்க அலுவலக வைஃபையிலேயே நடந்தது. "வெளியே எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாம் சார்" என்றேன். "நெட்வொர்க்கை லைப்ரரி பாத்துக்கும்மா" என்றார். பார்த்துக்கொள்ளாது. வெப்சாக்கெட் அறுந்தால் அதன்மேல் வாங்கி வைத்த ஸ்டப் (சர்வர் ஆப்ஜெக்டை அழைக்கும் கைப்பிடி) எல்லாம் செத்துவிடும், லாகினில் கிடைத்தது உட்பட. விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது, படித்தால்தானே?

பையன் லிஃப்டுக்குள் நுழையும்போது அழுத்துகிறான். சர்வரில் பதிவு விழுந்துவிட்டது, பதில் வரும் வழியில் இணைப்பு போய்விட்டது. தெருவுக்கு வந்ததும் ஆப் மறுபடி லாகின் கேட்கிறது; மறுபடி அழுத்துகிறான். ஒரு குழாய்க்கு இரண்டு பதிவு, இரண்டு பில். லேபில் இல்லாத குழாயைத் தேடினார்கள். மீட்டிங்கில் "டெஸ்டிங்ல ஏன் பிடிக்கல?" என்ற கேள்வி மட்டும் என்னிடம் வந்தது.

இது புதுச் சிக்கலும் இல்லை. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிர்ரெல்லும் நெல்சனும் 1984இல் எழுதிய ஆர்.பி.சி. கட்டுரையிலேயே உண்டு: பதில் வந்தால் வேலை சரியாக ஒருமுறை நடந்திருக்கிறது, பிழை வந்தால் ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம், எது என்று அழைத்தவருக்குத் தெரியாது. தூரத்து அழைப்பை உள்ளூர் ஃபங்ஷன் போலவே எழுதவைக்கும்போது அந்த இரண்டாவது பாதிதான் மறந்துபோகிறது.

ஆகவே வேண்டுகோளை அறுத்தால் போதாது, பதிலை அறுங்கள். டேட்டாபேஸில் எழுதிய பிறகு, பதில் அனுப்புமுன், சர்வரை ஐந்து விநாடி தூங்க வையுங்கள். அந்த நேரத்தில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். திரும்ப இணைத்து, மறுபடி அழுத்தி, பதிவுகளை எண்ணுங்கள். பிறகு வைஃபையிலிருந்து இறங்கி மத்திய கைலாஷ் வரை நடந்துகொண்டே இன்னொருமுறை. உங்கள் லீடையும் கூட்டிப் போங்கள், வெயிலில்.

மருந்து எளிது. அழுத்தியதும் போனே ஒரு தனி எண்ணை உருவாக்கிச் சேமித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மறுமுயற்சியிலும் அதே எண் போக வேண்டும். டேட்டாபேஸ் அந்த எண்ணை இரண்டாம் முறை ஏற்கக் கூடாது. "தனி எண் எதுக்கு, தேதியும் போன் நம்பரும் சேத்துக்கலாமே?" என்றார் லீட். ஒரே வீட்டில், ஒரே காலையில், ஒரே போன் நம்பரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுப்பார்கள் சார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.