ஒலி செல்லும் பாதை

திருவள்ளுவர் கேள்வி என்னும் பொருளுக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்தார். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் அது. கேட்டுப் பெறும் அறிவுக்கு எமது முன்னோர் அளித்த மதிப்புக்கு அதுவே சான்றாகும். அக்கேட்டல் எமது தலைக்குள் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை, மாணவச் செல்வங்களே, இங்கு சிறிது ஆராய்வோம்.

ஒருவர் பேசும்போது காற்று அதிர்கின்றது. அவ்வதிர்வு செவிப்பறையைத் தாக்கி, மூன்று சிறிய என்புகளினூடாக உட்காதின் நத்தைச்சுருளை அடைகின்றது. அங்குள்ள மயிர்க்கலங்கள் அதனை உணர்ந்து, செவிநரம்பிலே கணத்தாக்கங்களை எழுப்புகின்றன. தாயகத்து வகுப்பறைகளில் கரும்பலகையிலே காதின் படம் வரைந்து நாம் கற்பித்தது பெரும்பாலும் இவ்வளவே. ஆயினும் வியப்புக்குரிய பகுதி இதற்கு அப்பாலேதான் தொடங்குகின்றது.

செவிநரம்பு சென்று சேரும் இடம் மூளைத்தண்டு. மூளையையும் முண்ணாணையும் இணைப்பது இதுவே. ஒரு நரம்புக் கலத்தின் இழை மற்றொரு கலத்துக்குச் செய்தியைக் கொடுக்கும் இடத்தை நரம்பிணைப்பு என்பர். பொதுவாக அது மிக நுண்ணியது. ஆனால் பாலூட்டிகளின் மூளைத்தண்டில், செவிவழிப் பாதையின் ஓரிடத்தில், இழையின் முனை அகன்று, விரல்கள் பந்தைப் பற்றுவது போல அடுத்த கலத்தைப் பற்றிக்கொள்கின்றது. ஜேர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஹெல்ட் 1893ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். பூவின் புல்லிவட்டத்தை ஒத்திருப்பதால் இது 'ஹெல்டின் புல்லி' எனப் பெயர் பெற்றது.

இத்துணைப் பெரிய பிடி எதற்கு? செய்தி தவறாமலும் தாமதியாமலும் சேர்வதற்கே. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். வலப்பக்கத்தில் எழும் ஒலி, வலக்காதை அடைந்தபின் இடக்காதை அடைய, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரங்கூடச் செல்லாது. இச்சிறு வேறுபாட்டையும், இரு காதுகளிலும் ஒலியின் வலிமையிலுள்ள வேறுபாட்டையும் மூளைத்தண்டின் கலங்கள் ஒப்பிடுகின்றன. சைக்கிளில் செல்லும் பிள்ளை, வாகனம் எப்பக்கத்தில் வருகின்றது என்பதைப் பாராமலே அறிவது இதனாலேயே.

டென்மார்க்கில் பச்சிளங் குழந்தைகளுக்குச் செய்யப்படும் செவிப்புலன் பரிசோதனையைப் பெற்றோர் அறிவீர்கள். தலையில் மின்வாய்களை ஒட்டி, காதில் மெல்லொலி எழுப்பி, மூளைத்தண்டின் மறுமொழியைப் பதிவு செய்யும் முறை அதிலே பயன்படுகின்றது. குழந்தை உறங்கும்போதே, ஒலி எழுந்து ஏறத்தாழ 10 மில்லிசெக்கன்களுக்குள் அதன் மூளைத்தண்டு விடை கூறிவிடும். இப்பரிசோதனையைத் தவறவிடலாகாது.

இப்பாதை பிறந்தபோது அமைந்தவாறே என்றும் இருந்துவிடுவதில்லை. கேட்டுப் பழகும் ஒலிகளால் அது பண்படுகின்றது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்த பதின்ம வயதினரை ஆங்கிலம் மட்டும் அறிந்தோருடன் ஒப்பிட்டனர். பலர் பேசும் இரைச்சலின் நடுவே 'டா' என்னும் அசையை ஒலித்தபோது, இருமொழியாளரின் மூளைத்தண்டு அக்குரலின் சுருதியை மேலும் வலுவாகப் பதிவு செய்தது. ஓர் ஆய்வு முடிந்த முடிபாகாது. எனினும், இரு மொழிகள் பிள்ளையைக் குழப்பிவிடும் என அஞ்சும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் முதலான நாடுகளுக்கு வெளியேயிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமை, 2002ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கொம்யூன்களிடமிருந்து நீக்கப்பட்டது. ஆகவே அப்பொறுப்பு எமது கைகளிலேயே உள்ளது. வாரத்தில் ஒருநாள் சில மணித்தியாலங்கள் மட்டும் கேட்கும் தமிழ் போதாது. லகர, ளகர, ழகர வேறுபாடு முதலிற் செவியிற் படிந்தாலே பின்னர் நாவில் வரும். எனவே வீட்டிலே தமிழ் ஒலிக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: கண்களை மூடிக்கொண்டு, நண்பர் கைதட்டும் திசையைச் சுட்டுக. பின்னர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மீண்டும் முயல்க. வேறுபாட்டைக் குறித்து, அதன் காரணத்தைத் தமிழில் ஐந்து வசனங்களில் எழுதுக.