கடவுச்சொல் ஓர் அமானிதம்

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். பொன்னும் பொருளும் மட்டுமன்றி, பிறர் இரகசியமும் ஏற்ற பதவியும் அமானிதமே என்பது நாம் அறிந்த நெறி. அலுவலகக் கணினியில் நுழைய நாம் பெறும் கடவுச்சொல்லும் அவ்வகையினதே என்பதை ஈண்டுக் காண்போம்.

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பைப் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் உருவாக்கினர். அவரவர் கோப்புகளைத் தனித்துக் காக்கவே அதில் கடவுச்சொல் புகுந்தது. ஆயின், மறு ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். சொற்கள் படிக்கத்தக்க வடிவில் இருந்தமையே அதற்கு வழியாயிற்று.

இக்குறையைக் களையும் முறையை ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். சொல்லை உள்ளபடி வையாது, மீண்டும் சொல்லாக்க இயலாத குறியீடாக மாற்றி வைப்பதே அம்முறை. ஆகவே, செம்மையாக அமைந்த நிறுவனத்தில் கணினிப் பொறுப்பாளருக்கும் நம் சொல் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அதனைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் ஐயுறத் தக்கவரே.

விடுப்பில் செல்லும் ஊழியர், பணி தேங்கலாகாது என்றெண்ணித் தம் சொல்லைத் தோழரிடம் கூறிச் செல்வதுண்டு. எண்ணம் நல்லதே, ஆயினும் கணினியில் பதிவாவது அவர் பெயரே. பின்னர்க் கணக்கில் பிழை நேரின், செய்தவர் யார் என நிறுவுதல் அரிது. குற்றமற்றவர் பழி சுமக்க நேரும். தோழரின் பெயரிலேயே உரிய அனுமதியைப் பெற்றுத் தருவதே முறையாகும்.

ஒரே சொல்லைப் பல செயலிகளுக்கு வைத்தலும் தவறே. ஓரிடத்தில் கசிந்தால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும். செயலிதோறும் வெவ்வேறான நீண்ட சொற்றொடர் நன்று. நினைவிற்கு அடங்காதவற்றைக் காக்கக் கடவுச்சொல் பெட்டகச் செயலிகள் உள்ளன. காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லுதல் வேண்டா என்று அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2017இல் நெறி வகுத்தது. அவ்வாறு வற்புறுத்தினால் மக்கள் பழைய சொல்லின் ஈற்றில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி அமைவர். கசிந்ததென அறிந்தால் உடனே மாற்றுதல் கடன்.

பணியினின்று விலகும் நாளில், நம் பெயரிலுள்ள நுழைவுரிமையை நீக்குமாறு நாமே கேட்டுப் பெறுதல் வேண்டும். காத்தல் மட்டுமன்று, உரிய காலத்தில் திரும்ப ஒப்படைத்தலும் அமானிதத்தின் பகுதியே.