மெதுவாக வருவதுதான் கஷ்டம்: நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பலின் விடியற்காலை

ஒரு பெரிய பயணிகள் கப்பல் நடுக்கடலில் வேகமாகப் போவது கஷ்டமா, துறைமுகத்துக்குள் மெதுவாக வந்து நிற்பது கஷ்டமா? "இதென்ன கேள்வி, வேகமாகப் போவதுதான்" என்று தோணும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் வேற மாதிரி வரும். வாங்க, பார்ப்போம்.

உதாரணத்துக்கு க்வீன் மேரி 2 கப்பலை எடுத்துக்குவோம். 2004-ல் ஓடத் தொடங்கிய கப்பல். நீளம் 345 மீட்டர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, நியூயார்க்கின் ப்ரூக்ளின் முனையத்துக்கு வரும். வருவது பெரும்பாலும் பொழுது விடியும் நேரத்தில். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக இல்லை, எல்லாம் டைம்டேபிள்தான். காலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இறங்கணும். சாமான்கள் ஏறணும். சாயங்காலத்துக்குள் அடுத்த கூட்டத்தோடு கிளம்பணும்.

முதல் சோதனை: பாலம்

துறைமுகத்தின் வாசலில் வெரசானோ நேரோஸ் தொங்கு பாலம் நிற்கிறது. 1964-ல் திறந்தது. கப்பலோ நீர்மட்டத்துக்கு மேல் 62 மீட்டர் உயரம். கடல் ஏற்றத்தின்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் நடுவில் மிஞ்சுவது சுமார் 4 மீட்டர்தான். இது தற்செயல் இல்லை. இந்தப் பாலத்தை மனசில் வைத்துத்தான் புகைபோக்கியின் உயரத்தையே குறைத்து வடிவமைத்தார்கள். 40 வருஷத்துக்கு முன்னாடி கட்டின பாலம், புதுக் கப்பலின் டிராயிங்கில் கை வைத்திருக்கிறது!

இன்னொரு விஷயம். வெயில் காலத்தில் இரும்பு கேபிள்கள் நீளும். அதனால் பாலத்தின் சாலைத்தளம் குளிர்காலத்தைவிடச் சுமார் 3.6 மீட்டர் கீழே இறங்கும். நாலு மீட்டர் இடைவெளிக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்க. முதல் வருஷத்தில் படிச்ச வெப்ப விரிவு எங்கே வந்து நிற்கிறது என்று புரியும். பாலத்துக்கு அடியில் போகும்போது பயணிகள் மேல்தளத்தில் கூடி அண்ணாந்து பார்ப்பதும் இதனால்தான். புகைபோக்கி இடித்துவிடும் போலவே இருக்கும்.

இரண்டாவது சோதனை: திருப்புவது

கப்பலைத் திருப்புவது சுக்கான். ஓடுகிற தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் விசை. அந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசி. அதாவது, துல்லியமாகத் திருப்ப வேண்டிய இடத்தில்தான் சுக்கான் பலவீனமாகிறது.

இந்தக் கப்பலில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. சுக்கானே கிடையாது! அடியில் நாலு 'பாட்'கள் தொங்குகின்றன. பாட் என்றால் ஒரு கூட்டுக்குள் மின் மோட்டார், முனையில் ப்ரொப்பெல்லர். ஒவ்வொன்றும் 21.5 மெகாவாட். பின்பக்கம் இருக்கும் இரண்டும் 360 டிகிரி சுழலும். வேகமே இல்லாவிட்டாலும் வேண்டிய பக்கம் தள்ளும். மூக்குப் பக்கத்தைத் தள்ள 3.2 மெகாவாட்டில் மூன்று த்ரஸ்டர்கள் தனியாக உண்டு.

இவ்வளவு எதுக்கு? காற்றுக்குத்தான். கப்பலின் பக்கவாட்டுப் பரப்பைத் தோராயமாக 12,000 சதுர மீட்டர் என்று வைப்போம். விநாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் அழுத்தம் சுமார் 60 பாஸ்கல். பெருக்கினால் 7,20,000 நியூட்டன். 70 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு கை பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி.

இங்கே எல்லாமே கரன்ட். கப்பலின் டீசல் இன்ஜின்களும் கேஸ் டர்பைன்களும் மின்சாரம் கொடுத்தால்தான் பாட் சுற்றும். எந்த வகைக் கப்பலாக இருந்தாலும், துறைமுகத்துக்குள் கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச் 26-ல் பால்டிமோரில் உலகமே பார்த்தது. 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். மோதியபோது வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். நாம் சைக்கிள் ஓட்டுகிற வேகம்.

மூன்றாவது சோதனை: தொடுவது

கடைசி சில மீட்டர்கள். க்வீன் மேரி 2 இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடை சுமார் 79,000 டன். கப்பலின் எடையும் அதேதான், ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி. விநாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் வேகத்தில் அது துறைச்சுவரை நோக்கி நகர்கிறது என்று வைப்போம். ½mv² போட்டால் சுமார் 395 கிலோஜூல். ஒன்றரை டன் கார் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல் போகும்போது இருக்கிற ஆற்றல் அது. எறும்பு ஊர்கிற மாதிரித் தெரிகிற கப்பலுக்குள் ஹைவேயில் பறக்கிற கார் ஒளிந்திருக்கிறது! அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளத்தான் துறைச்சுவரில் ஃபெண்டர்கள் இருக்கின்றன.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். வேகத்தைக் குறைத்தால் மோதலின் ஆற்றல் v² கணக்கில் குறைகிறது, நல்லது. ஆனால் சுக்கானின் பிடியும் அதே v² கணக்கில் குறைகிறது. பாதுகாப்பைத் தருவதும் கட்டுப்பாட்டைப் பறிப்பதும் ஒரே சூத்திரம். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிக்கத்தான் பாட், த்ரஸ்டர், இழுவைப் படகு, ஃபெண்டர் எல்லாம். அந்தத் துறைமுகத்தை நன்றாகத் தெரிந்த பைலட் வெளிக்கடலிலேயே கப்பலில் ஏறிக்கொள்வதும் அதற்காகத்தான்.

இந்த வருகையின் வீடியோ கிடைத்தால் ஃபார்வர்ட் செய்யாமல் பாருங்க. "ஒண்ணுமே நடக்கலையே" என்று தோணுகிற கடைசி அரைமணி நேரத்தில்தான் நாம் படிக்கிற பாடம் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு: அதே கப்பல் 10-க்குப் பதில் விநாடிக்கு 15 சென்டிமீட்டரில் வந்தால் ஃபெண்டர் எத்தனை மடங்கு ஆற்றலைத் தாங்கணும்? ஒன்றரை மடங்கு என்று சொன்னால், மேலே போய் இன்னொரு தடவை படிங்க!